விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் ‘முளைப்புத்திறன் 85%’ என்பது என்ன? அதை யார் கணக்கிடுகிறார்கள்?

பினாங்குக் கடையில் வாங்கும் வெண்டை விதையானாலும், செபராங் பிறை வயலுக்குப் போகும் விதைநெல்லானாலும், அந்த எண்ணின் பொருள் ஒன்றுதான்: உகந்த சூழலில் நூற்றுக்கு எத்தனை விதைகள் குறையில்லாத நாற்றாகும் என்பது. பல நாடுகளில் இதைச் சரிபார்ப்பவர் அரசு விதைப் பரிசோதனைக்கூடத் தாவரவியலாளர். 1869இல் ஜெர்மனியின் தாராண்டில் பிரீட்ரிக் நோபே தொடங்கிவைத்த பணி இது.

முதலில் மாதிரி எடுப்பு. மூட்டை குலுங்கும்போது கனமான விதையும் பதரும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால், சோற்றுப் பானையை அடிவரை கிளறிப் பதம் பார்ப்பதுபோல், மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுப்பார்கள். களைவிதையையும் குப்பையையும் கையால் நீக்கியபின், மிஞ்சும் நல்ல விதையில் பார்த்துப் பொறுக்கியெடுக்காமல், கைக்கு வந்தபடி 400 எண்ணி, நூறு நூறாக ஈரத்தாளில் வைப்பார்கள். நெல்லுக்கு 25 டிகிரி செல்சியஸ். 5ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 14ஆம் நாள் இறுதி. தாளில் நீர் தேங்கினால் விதைக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். நான்கு நூறுகளும் அதிகம் வேறுபட்டால் மறுசோதனைதான்.

உண்மையான திறமை நாற்றை மதிப்பிடுவதில் இருக்கிறது. வேர் குட்டையாக நின்றுபோனது, தண்டு பிளந்தது, அழுகியது எதுவும் கணக்கில் சேராது. புதிதாக அறுத்த நெல் உறக்கத்தில் இருக்கும்; அதாவது, உயிர் இருந்தும் முளைக்காது. 50 டிகிரியில் சில நாள் சூடுகாட்டிய பிறகே சோதிப்பார்கள். இதைத் தவிர்த்தால் நல்ல விதையும் செத்த விதையாகத் தெரியும்.

85% என்றால் தோட்டத்திலும் 85 முளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சோதனை நாளன்று கூடத்தில் கண்ட அளவுதான், நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்துவைத்த பொட்டலத்தில் அது வேகமாகக் குறையும்.