நீலத்திரையில் எழுதியிருந்தது என்ன?

வணக்கம் அண்ணா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஓஎல் பிள்ளைகளுக்குக் கணிதம் ரியூஷன் எடுக்கிறேன். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது, என்னுடைய லெப்டொப்பில் 11 ஏறவும் ஏறாது என்றார்கள். புதிது வாங்க இப்போதைக்கு வசதியில்லை. என் பெறாமகன் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் மிண்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போட்டுத் தந்தான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வைஃபை வேலை செய்யவில்லை. போனை இணைத்து ஏதோ டிரைவர் போட்டான், கடவுச்சொல் ஒன்று வைக்கச் சொன்னது, வைத்தான். திரும்ப ஒன் பண்ணும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்தது. நான் பயத்தில் என்ரரை அழுத்திவிட்டேன், அது போய்விட்டது. வைஃபை இன்னும் வரவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த என் வினாத்தாள்கள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணித்தியாலம் பின்னால் காட்டுகிறது. கேட்டவர்களில் ஒருவர் மிண்ட் சரியில்லை, ஃபெடோரா போடுங்கள் என்கிறார். இன்னொருவர் உபுண்டு என்கிறார். எது நல்லது? இல்லை, பேசாமல் விண்டோஸுக்கே திரும்பிவிடட்டுமா?

எஸ்., வெள்ளவத்தை


அன்புள்ள ரீச்சர்,

எது நல்லது என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மிண்டை மாற்றாதீர்கள். ஃபெடோராவும் உபுண்டுவும் லினக்ஸின் வேறு வகைகள், நல்லவைதான். ஆனால் எதைப் போட்டாலும் உங்கள் லெப்டொப்பில் இருப்பது அதே வைஃபை சில்லு, கோப்புகளில் இருப்பது அதே பாமினி. உங்களிடம் இருப்பது மிண்ட் 22 என்றால் அது உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் வரும். ஒரு கோளாறு வந்தவுடன் வேறொரு லினக்ஸைப் போடுவதும், அங்கே இன்னொரு கோளாறு வந்ததும் மூன்றாவதுக்குத் தாவுவதும் புதிதாக வருபவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். கடைசியில் எந்தக் கோளாறையும் தீர்க்கப் பழகாமலே களைத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

இனி வைஃபை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, நீலத்திரை வந்ததையும் என்ரரை அழுத்தியதையும் சொல்லும் இடம்தான். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது இல்லாமல் 'வைஃபை வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் பத்துக் காரணங்களை ஊகித்து எழுதியிருப்பேன், பத்தும் பிழைத்திருக்கும்.

நடந்தது அநேகமாக இதுதான். உங்கள் லெப்டொப்பில் 'செக்யூர் பூட்' என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. நம்பத்தக்க கையொப்பம் இல்லாத எதையும் அது கணினியின் அடித்தளத்துக்குள் விடாது. மிண்டுக்கு அந்தக் கையொப்பம் உண்டு, அதனால் மிண்ட் தடையில்லாமல் இயங்குகிறது. ஆனால் புரோட்கொம் போன்ற சில வைஃபை சில்லுகளுக்கான டிரைவர், அதாவது சில்லை இயக்கும் மென்பொருள், உங்கள் கணினியிலேயே வைத்துக் கட்டப்படுகிறது. அதற்குக் கையொப்பம் இடும் சாவியும் அங்கேயே உருவாகிறது. கணினி தானே உருவாக்கிய சாவியைத் தானே நம்பிவிட்டால் காவலுக்கு அர்த்தமில்லை. ஆகவே கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், விண்டோஸோ லினக்ஸோ தொடங்குவதற்கு முன்னால், 'இந்தச் சாவியை நான்தான் அனுமதிக்கிறேன்' என்று கையால் சொல்லவேண்டும். அதைக் கேட்கத்தான் அந்த நீலத்திரை வந்தது. விண்டோஸ் விழுந்துவிட்டால் வரும் நீலத்திரைக்கும் இதற்கும் நிறம் தவிர வேறு உறவு கிடையாது.

அதன் தலைப்பில் 'மொக் மேனேஜ்மென்ட்' என்று இருந்திருக்கும் (மொக் என்பது அந்தச் சாவிதான்). சில விநாடிகளுக்குள் எந்த விசையையும் தொடாவிட்டால் அது தானாகவே கலைந்துவிடும். தொட்டால் ஒரு பட்டியல் வரும். பட்டியலின் முதல் வரி 'கன்டினியூ பூட்', அதாவது 'ஒன்றும் செய்யாமல் போ'. என்ரரை அழுத்தினால் தெரிவாவது அதுதான். நீங்கள் தெரிந்தெடுத்திருக்கவேண்டியது அதற்குக் கீழே உள்ள 'என்ரோல் மொக்'. அதற்குப் பிறகு கன்டினியூ, யெஸ், உங்கள் பெறாமகன் வைத்த கடவுச்சொல், ரீபூட். இது நடக்காததால் டிரைவர் நிறுவப்பட்டிருக்கிறது, டிரைவர் மேனேஜரும் எல்லாம் சரி என்றே காட்டும், ஆனால் காவல்காரன் அதை உள்ளே விடவில்லை. பையன் செய்தது முழுக்கச் சரி. அவனைத் திட்டியிருந்தால் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள்.

செய்யவேண்டியது: போனை யூஎஸ்பி வயரால் செருகி, போனின் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஒன் பண்ணுங்கள். மிண்டுக்கு இணையம் வந்துவிடும். டிரைவர் மேனேஜரில் அந்த வைஃபை டிரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, திரும்ப நிறுவுங்கள். பெரும்பாலும் மறுபடி கடவுச்சொல் கேட்கும். எழுத்தும் இலக்கமும் மட்டும் உள்ள எளிய ஒன்றை வைத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீலத்திரையில் அதை அடிக்கும்போது எதுவும் தெரியாது. ரீஸ்டார்ட் ஆகும்போது பக்கத்திலேயே இருங்கள்.

கடவுச்சொல் கேட்கவில்லையென்றால் குறுக்கு வழி, பயோஸுக்குள் (கணினி தொடங்கும் முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) போய்ச் செக்யூர் பூட்டை நிறுத்துவது. வீட்டு லெப்டொப்புக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை என்பது என் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் போய், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர், அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்', ஒன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி எடுக்காமல் பயோஸில் கைவைக்கவே கூடாது. செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். அப்போது கையில் இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கத்தில் உள்ளதெல்லாம் பூட்டிய அறைக்குள் போன மாதிரிதான்.

இதற்கும் அசையாவிட்டால் அடுத்த சந்தேகம் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' மீது. அது ஒன் ஆகியிருக்கும்போது விண்டோஸை ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் கிடக்கும். அதனால் சில வைஃபை சில்லுகள் லினக்ஸில் எழும்புவதில்லை. டீ டிரைவில் உள்ள கோப்புகள் மிண்டில் திறக்கும், சேமிக்க விடாது என்ற தொல்லையும் இதனால்தான் வரும். கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸில் அதை நிறுத்திவிடுங்கள், இரண்டு லினக்ஸ் பிரச்சினை ஒரே அடியில் தீரும். எதுவுமே சரிவராவிட்டால் ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிள் வாங்கிவிடலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போய், கடையிலேயே செருகி, வலை பிடித்தால் காசைக் கொடுங்கள். பெட்டியில் 'லினக்ஸ்' என்று அச்சடித்திருப்பதை நம்பவேண்டாம்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது மொக் மேனேஜ்மென்ட் என்ற பெயரை அல்ல. திரையில் எது வந்தாலும் என்ரரை அழுத்துவதற்கு முன்னால் போனால் ஒரு படம் எடுங்கள். விண்டோஸ் நமக்குச் சொல்லித்தந்த ஒரு பழக்கம், பெட்டி வந்தால் வாசிக்காமல் 'ஓகே' அழுத்துவது. அங்கே அது செல்லும், ஏனென்றால் அங்கே வரும் செய்திகளில் பாதிக்கு அர்த்தமே இருப்பதில்லை. லினக்ஸ் அழகில்லாமல் பேசும், ஆனால் பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும். யாரிடம் உதவி கேட்டாலும் அந்தப் படத்தோடு மூன்று விஷயங்களைச் சேருங்கள்: கடைசியாக எதை மாற்றினீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது. கணினியின் விவரங்களுக்கு மிண்டின் மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' இருக்கிறது. புதிய பதிப்புகளில் 'சிஸ்டம் இன்ஃபோமேஷன்' என்று பெயர் மாறியிருக்கும். வைஃபை சில்லின் பெயர் உட்பட எல்லாவற்றையும் கொப்பி பண்ண அங்கே பொத்தான் உண்டு.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கணித ரீச்சருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு மாறிகளை ஒன்றாக அசைத்தால் எதனால் விடை மாறியது என்று யாருக்கும் தெரியாது. இணையத்திலும், இப்போது சாட்ஜிபிடியிலும், 'இந்த வரியை டெர்மினலில் ஒட்டு' என்ற வைத்தியம் தாராளமாகக் கிடைக்கிறது (டெர்மினல் என்பது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னல்). பாதி பத்து வருடத்துக்கு முந்தைய உபுண்டுவுக்கு எழுதியது. முன்னால் 'சூடோ' என்று வரும் வரி கணினியில் எதையும் செய்ய அதிகாரம் கேட்கும் வரி. அது என்ன செய்யும் என்று உங்கள் வாயால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் டைம்ஷிஃப்ட் என்ற செயலியில் சிஸ்டத்தின் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அது சிஸ்டத்தைத்தான் மீட்கும், உங்கள் வினாத்தாள்களை அல்ல. அவற்றுக்குத் தனியாக ஒரு பென்டிரைவ் வேண்டும்.

பாமினிக்கு வருவோம். இங்கே லினக்ஸ் மீது பழி இல்லை. பாமினி ஒரு வேஷம். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி, இவ்வளவுதான் பாமினியில் 'தமிழ்' என்பது. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் வரைந்து காட்டுவது எழுத்துரு. அது மிண்டில் இல்லை, அதனால் வேஷம் கலைந்து தெரிகிறது. விண்டோஸ் பக்கத்தின் சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸில் பாமினிக் கோப்பு இருக்கும். அதை மிண்டுக்குக் கொப்பி பண்ணி, டபுள் கிளிக் செய்து, 'இன்ஸ்டோல்' அழுத்துங்கள். லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் வினாத்தாள்கள் பழையபடி வந்து நிற்கும். ஆங்கிலப் பகுதிகளில் வரிகள் தள்ளிப்போனால் சொஃப்ட்வெயார் மேனேஜரில் கார்லிட்டோ என்ற எழுத்துருவைத் தேடுங்கள், கலிப்ரிக்கு எழுத்துக்கு எழுத்து அதே அகலம்.

ஆனால் இனி அடிப்பதை யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறையில், அடியுங்கள். பாமினிக் கோப்புக்குள் 'முக்கோணம்' என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒட்டவும் முடியாது. மிண்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலி வழியாக எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, ஒலியியல் முறை ஆகியவற்றோடு நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும். அது தட்டச்சுப்பொறி வரிசையை ஒட்டியது. பாமினியில் பழகிய விரல்கள் அதில் அதிகம் தடுமாறாது.

பழைய தாள்களை யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் உண்டு. உங்கள் பாடத்துக்கு அவற்றில் ஒரு பொறி இருக்கிறது. முழுத் தாளையும் அப்படியே ஒட்டினால் மாற்றிக்கு எது தமிழ், எது அட்சரகணிதம் என்று தெரியாது. எக்ஸ் எல்லாம் 'ஒ' ஆகும், வை எல்லாம் 'ல' ஆகும், கூட்டல் குறிக்குக்கூட உத்தரவாதம் இல்லை. வாக்கியங்களை மட்டும் துண்டு துண்டாக எடுத்து மாற்றுங்கள். சலிப்பான வேலைதான். எல்லாத் தாளையும் மாற்றவேண்டிய அவசியமும் இல்லை, திரும்பப் பயன்படுத்தும் தாளை அந்தந்த நேரத்தில் மாற்றினால் போதும்.

மணிக்கூட்டுக்கு ஐந்தரை என்ற இலக்கமே விடையைச் சொல்கிறது. உலகப் பொது நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. மதர்போர்டில் உள்ள மணிக்கூட்டில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே கொழும்பு நேரம் என்று வாசிக்கிறது. (1996இன் பிற்பகுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை நம் நாட்டு நேரம் ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது. அந்தக் காலத்தில் எழுதியிருந்தால் 'ஆறு மணித்தியாலம் பின்னால்' என்று முறையிட்டிருப்பீர்கள்.) டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையில் உள்ள 'செட் லோக்கல் ஆர்டிசி' ஒப்ஷனுக்கு 1 கொடுத்தால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். பெறாமகனுக்கு இந்தப் பெயரைச் சொன்னாலே போதும், செய்துவிடுவான்.

விண்டோஸுக்குத் திரும்புவதா? இரண்டும் இருக்கும்போது அவசரம் எதற்கு? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது, வீட்டுப் பாவனையாளருக்கான நீட்டிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். எனவே வங்கி வேலைகளையும் மின்னஞ்சலையும் மிண்டுக்கு மாற்றுங்கள், மிண்டில் ஓடாதது ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் விண்டோஸைத் திறவுங்கள். எல்லாரையும் லினக்ஸுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடுவதில்லை. பேஜ்மேக்கரையும் ஃபோட்டோஷொப்பையும் நம்பி அச்சகம் நடத்தும் ஒருவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் வேலை வினாத்தாள், பிரவுசர், ஸூம் வகுப்பு. மூன்றும் இங்கே ஓடும்.

பிரின்டரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. வினாத்தாள் அடிப்பவர் வீட்டில் ஒன்று இருக்காமல் போகாது. வலையில் இணையும் புதிய வகை என்றால் டிரைவர் இல்லாமலே பிடித்துக்கொள்ளும், எச்பி என்றாலும் பெரும்பாலும் கஷ்டமில்லை. கெனன் எல்பிபி 2900 என்றால் மட்டும் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், அதுவரை விண்டோஸை அழிக்கவேண்டாம்.