பூனைக்குக் காய்ச்சல்: பாராசிட்டமால் கொடுக்கலாமா?

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பூனைக்கு உடம்பு சுடுகிறது, வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் அரை மாத்திரை கொடுக்கலாமா என்று. தயவுசெய்து ஒரு துணுக்குகூடக் கொடுக்காதீர்கள்.

நம் கல்லீரல் இம்மருந்தின் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றிவிடுகிறது. அதற்கு வேண்டிய நொதியை உருவாக்கும் மரபணு பூனைகளிடம் செயலிழந்து கிடப்பதை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் மருந்து நச்சாக மாறி, இரத்தச் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடுகிறது. 4 கிலோ பூனைக்கு 500 மி.கி. மாத்திரையில் பாதி என்றால் கிலோவுக்கு 62 மி.கி.க்கும் மேல்; கிலோவுக்கு 10 மி.கி.யிலேயே நச்சு ஏறியதுண்டு.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களானால், மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காப்பித்தூள் நிறமாகத் தெரியலாம், முகமும் பாதங்களும் வீங்கலாம். ஆனால் இவை தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்; அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்தைக் கால்நடை மருத்துவர் எவ்வளவு சீக்கிரம் செலுத்துகிறாரோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, பூனையின் இயல்பான வெப்பநிலையே ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் என்பதால், நம் கைக்கு அது எப்போதும் சற்றுச் சுடத்தான் செய்யும். வேலூர்க் கத்திரி வெயிலில் மாடியறையில் அடைபட்ட பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால், அது காய்ச்சலாக இல்லாமல் வெப்பத்தாக்காக இருக்கலாம். உடலை ஈரத்துணியால் நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.