கறவை மாட்டுக்கு அரிசித் தவிடு மட்டும் போட்டால் போதுமா?

கலப்புத் தீவன மூட்டை விலை ஏறிவிட்டது, ரைஸ் மில்லில் மலிவாகக் கிடைக்கும் தவிட்டை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தவிடு போடலாம், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள்.

நல்ல தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம் இருக்கும், எண்ணெயும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த எண்ணெய்தான் பலம், வில்லங்கமும் அதுதான், ஏனென்றால் பச்சரிசித் தவிடு சில நாளிலேயே காறல் வாடை அடித்துவிடும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். புழுங்கல் தவிடு நெல் அவிக்கும் சூட்டில் பக்குவப்படுவதால் கூடுதல் நாள் தாங்கும்.

வாங்கும்போது ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டால் நல்ல தவிடு. பொலபொலவென்று உதிர்ந்தால் ஒன்று எண்ணெய் எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் உமி கலந்திருக்கும். தண்ணீரில் போட்டால் உமி மிதந்து காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பால் கொடுக்கிற மாட்டுக்கு இது ஆகாது, அதனால் தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கட்டாயம் சேருங்கள். அடர்தீவனத்தில், அதாவது புல், வைக்கோல் போக நீங்கள் கொடுக்கும் சத்துத் தீவனத்தில், தவிடு மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும், மீதிக்கு மக்காச்சோளமும் புண்ணாக்கும்.

ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த மூட்டையை, எவ்வளவு சும்மா கிடைத்தாலும், தொடாதீர்கள். பூசணத்தின் நச்சு பாலிலும் இறங்கும், அதைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.