வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும் என்பது ஏன்?

அடர் அமிலத்தை நீருடன் கலந்து அதன் செறிவைக் குறைப்பதே நீர்த்தல். அமிலத்தை நீரில் ஊற்றலாம், நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது என்ற விதியை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

அடர் கந்தக அமிலம் நீருடன் சேரும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படுகிறது. அதன் அடர்த்தி நீரைவிட ஏறத்தாழ 1.84 மடங்கு என்பதால், அதன்மேல் ஊற்றப்படும் சிறிதளவு நீர் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே கொதித்து, அமிலத் துளிகளையும் வாரிக்கொண்டு முகத்தை நோக்கித் தெறிக்கிறது. அமிலத்தைக் கண்ணாடிக் கோலால் கலக்கியபடி நீரில் சிறுகச் சிறுக விட்டாலோ, அது கனத்தால் கீழிறங்கிப் பரவ, வெப்பத்தை மொத்த நீரும் ஏற்றுக்கொள்கிறது. அப்போதும் பீக்கரைத் தொட்டால் சூடு தெரியும்.

கடலூர் முதுநகரில் மீன் வறுப்பவர்கள் இதற்கு ஒப்பானதை அன்றாடம் பார்க்கிறார்கள். ஈரம் வடியாத வஞ்சிரத் துண்டைக் காய்ந்த எண்ணெயில் இட்டதும் நீர் சட்டென ஆவியாகி, எண்ணெயைச் சிதறடிக்கிறது. அங்கே வெப்பம் தருவது அடுப்பு. இங்கே கலவையே அடுப்பாகிறது.

கடற்கரை ஊரின் புழுக்கத்தில் பாதுகாப்புக் கண்ணாடி வேர்க்கிறதென்று அதை நெற்றிக்கு ஏற்றிவிடும் பழக்கத்தை ஆசிரியர்கள் கண்டிப்பது இதனால்தான்.

இந்த விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு, தோலில் அமிலம் பட்டால் நீர் விடத் தயங்குவோரும் உண்டு. விதி குடுவைக்கு மட்டுமே உரியது, அமிலம் பட்ட கையை உடனே குழாயைத் திறந்து ஓடும் நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடங்கள் கழுவ வேண்டும்.