பத்து மீட்டரில் படியாத ஸ்கோப்

கேள்வி: குழலை மடித்து பெல்லட் இடும் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளால் என் தோப்பில் பத்து மீட்டர் தூரத்துக் காகித இலக்கில் சுட்டுப் பழகி வருகிறேன். அண்மையில் 3-9×40 ஸ்கோப் (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன்வில்லை கொண்ட குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றைப் பொருத்தினேன். பெல்லட்டுகள் குறிக்குப் பத்து செ.மீ. கீழே பட்டன. மேல்-கீழ் குமிழை நான்கு கிளிக், எட்டு கிளிக் எனத் திருப்பியும் மாற்றம் தெரியவில்லை. கடைசிவரை திருப்பியபோது குமிழ் முட்டி நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு பெல்லட்டும் ஒவ்வோர் இடத்தில் படுகிறது. ஸ்கோப் பழுது என்கிறார் கடைக்காரர். வேறு வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெல்லட்டுகள் ஒன்றாகக் கூடித் தவறான இடத்தில் படுவது வேறு, கூடாமலே சிதறுவது வேறு. முதலாவதைத்தான் குமிழால் திருத்த முடியும். உங்களிடம் முதலில் இருந்தது அது. அதைத் திருத்தப்போய் இரண்டாவதை வரவழைத்திருக்கிறீர்கள்.

நான்கு கிளிக்குக்கு மாற்றம் தெரியாததில் வியப்பில்லை. இத்தகைய ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்), அதாவது நூறு கெஜத்தில் ஏறத்தாழ கால் அங்குலம். குமிழின் மீது எழுதியிருப்பதும் அந்தக் கணக்குத்தான். ஆனால் பத்து மீட்டரில் அது 0.7 மி.மீ. மட்டுமே. நான்கு கிளிக் திருப்பினால் மூன்று மி.மீ. நகரும், பெல்லட் போடும் துளையே அதைவிடப் பெரியது. ஒரு செ.மீ. உயர்த்தவே பதினான்கு கிளிக் தேவை என்றால், பத்து செ.மீ.க்கு ஏறத்தாழ 140 கிளிக் தேவைப்படும். பல ஸ்கோப்புகளில் நடுவிலிருந்து மேல் நோக்கி அவ்வளவு இடமே இருக்காது.

அந்தப் பத்து செ.மீ. எங்கிருந்து வந்தது? ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு நான்கு, ஐந்து செ.மீ. மேலே இருக்கும். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் பத்து மீட்டருக்குள் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் தாழும். ஆக, ஸ்கோப்பும் குழலும் துல்லியமாக இணையாக இருந்தாலும் ஆறு செ.மீ. கீழே படுவது இயல்பே. எஞ்சிய நான்கு செ.மீ.க்கு நான் குழலைத்தான் சந்தேகிப்பேன். மடியும் குழல் பூட்டிய நிலையிலும் முனைப்பக்கம் சற்றே தாழ்ந்திருப்பது இவ்வகை ரைஃபிள்களில் மிகச் சாதாரணம். திறந்த குறிகாட்டியில் (ஸ்கோப் இல்லாமல், ரைஃபிளிலேயே முன்னும் பின்னும் உள்ள குறிகளை வைத்து) சுடும்போது அது தெரியாது, ஏனென்றால் முன் குறிகாட்டி குழலின் மீதே இருப்பதால் அதனோடு சேர்ந்து தாழ்ந்துவிடும்.

குமிழ் முட்டிய பிறகு சிதறியதற்கும் காரணம் உண்டு. ஸ்கோப்புக்குள் இருக்கும் சிறு குழாயைக் குமிழின் திருகு ஒரு பக்கமும் ஸ்பிரிங் மறுபக்கமும் அழுத்திப் பிடித்திருக்கின்றன. மேல் நோக்கித் திருப்பத் திருப்பத் திருகு விலகி, ஸ்பிரிங் நீண்டு, பிடி தளர்கிறது. போதாக்குறைக்கு ஸ்பிரிங் ரைஃபிள் இரண்டு முறை உதைக்கும்: பிஸ்டன் பாயும்போது பின்னோக்கி, அது காற்றில் மோதி நிற்கும்போது முன்னோக்கி. பிடி தளர்ந்த குழாய் ஒவ்வோர் உதைப்புக்கும் ஒவ்வோர் இடத்தில் நின்றுவிடும்.

முதலில் ஸ்கோப்பைக் கழற்றி, ரைஃபிளின் பிடிக்கட்டையில் உள்ள திருகுகளை இறுக்கி, திறந்த குறிகாட்டியில் ஐந்து பெல்லட் சுட்டுப் பாருங்கள். அப்போதும் சிதறினால் குற்றம் ரைஃபிளிலோ, பெல்லட்டிலோ, நீங்கள் பிடிக்கும் விதத்திலோ இருக்கிறது. (ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு அது ஒருபோதும் ஒத்துழைப்பதில்லை, முன்பக்கம் தாங்கும் கையில் அது தளர்வாக, எப்போதும் ஒரே இடத்தில் அமர வேண்டும்.) பெல்லட்டுகள் ஒன்றாகக் கூடினால், ஸ்கோப்பின் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணித் திருப்பி, பாதியில் கொண்டுவந்து நிறுத்துங்கள். குறையும் உயரத்தைக் குமிழிடம் கேட்காமல், ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்டிடம் கேளுங்கள். மவுண்டில் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் முன், பின் ரிங்குகளுக்கு இடையே நூறு மி.மீ. இருந்தால், பின் ரிங்குக்கு அடியில் 0.1 மி.மீ. தகடு வைப்பது பத்து மீட்டரில் ஒரு செ.மீ. உயர்த்தும். பழைய கேமரா ஃபிலிம் துண்டு ஒன்று இதற்குப் போதும். அதற்கு மேல் அடுக்கினால் ஸ்கோப்பின் உடல் வளையும். இயல்பான ஆறு செ.மீ. போக உங்களுக்கு நான்கு செ.மீ. வேண்டியிருப்பதால், பின்பக்கம் உயர்த்திச் செய்த மவுண்டே சரி.

மவுண்டுக்குப் பின்னால் ரைஃபிளில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இருபது பெல்லட் சுட்ட பின் பாருங்கள். கோடு மறைந்திருந்தால் மவுண்ட் பின்னோக்கி நகர்கிறது. அப்படியானால், அதை நகரவிடாமல் பிடிக்கும் தடுப்பு ஊசி உள்ள மவுண்ட் வேண்டும்.

முன்பக்கத்தில் தூரத்தைச் சரிசெய்யும் வளையம் உங்கள் ஸ்கோப்பில் இல்லையென்றால், அது நூறு கெஜத்துக்கு அமைக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் பத்து மீட்டரில் கண் சற்று விலகினாலே இடமாறு தோற்றத்தால் ஒன்றரை செ.மீ. வரை பிழை வரும். ரைஃபிளை மணல் மூட்டையில் வைத்து, தொடாமல் தலையை மட்டும் அசைத்தால் குறுக்குக்கோடு இலக்கின் மீது நகர்வதைக் காணலாம். கன்னத்தை எப்போதும் ஒரே இடத்தில் பதியுங்கள்.

இவ்வளவும் செய்த பின், குமிழ் நடுவில் இருக்கும்போதும் சிதறினால் கடைக்காரர் சொன்னது சரி. அப்போது ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த ஸ்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பெரிய துப்பாக்கிக்கான விலை உயர்ந்த ஸ்கோப்பும் அந்த முன்னோக்கிய உதைப்பில் உடையக்கூடும்.

கேள்வி: பத்து மீட்டரில் நடுவில் படும் பெல்லட்டுகள் 25 மீட்டரில் அரை செ.மீ. இடப்பக்கம் படுகின்றன. காற்றே இல்லை. ஏன்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: உங்கள் ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே இல்லாமல், மூன்று மி.மீ. அளவுக்கு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கலாம். பார்வைக்கோடும் பெல்லட்டின் பாதையும் பத்து மீட்டரில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, பிறகு விலகிச் செல்கின்றன. மவுண்டைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பிழை வலப்பக்கம் மாறினால் மவுண்டின் வார்ப்பே கோணல். மாறாவிட்டால், ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்களா என்று இலக்குக்குப் பின்னால் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.