கல்லறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ரங்கூனில் இருக்கிறேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. திருநாள் என்றால் கோவிலுக்குப் போய் வருவதோடு சரி. வீட்டிலும் கொண்டாட ஆசை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால மெழுகுதிரி வளையம், டிசம்பர் 6 நிக்கோலாஸ் திருநாளுக்குக் காலுறையில் மிட்டாய், ஈஸ்டருக்கு முட்டையில் சாயம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதை எடுக்கலாம், எதை விடலாம்? புனிதர் கதைகள் தமிழில் பாதி புரிவதில்லை, பர்மியில் சொல்லலாமா? மாமனார் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறார் மாமியார். பயந்துவிடுவார்கள் என்று மறுத்துவிட்டேன்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. வளையம் வையுங்கள்: ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று. தினமும் கரண்டு போகிற ஊரில் மெழுகுதிரி பிள்ளைகளுக்கு அதிசயமாகப் படாது. கரண்டு இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு ஏற்றிப் பாருங்கள். முட்டைக்கு வெங்காயத் தோலை வேகவைத்த தண்ணீரே போதும். கதைகளைத் தாராளமாகப் பர்மியில் சொல்லுங்கள், அந்தோனியாருக்கே தமிழ் தெரியாது.

உங்கள் கடைசி வரிகளில்தான் நான் நின்றுவிட்டேன். மழை விடுகிற இந்த நாட்களில் எனக்கு வருஷா வருஷம் கல்லறை நினைப்புத்தான்.

பயம் யாருக்கு? பிள்ளைக்கா, உங்களுக்கா? 1910-ல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் ஏழு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கே நன்மை (நற்கருணை) கொடுக்கலாம் என்றார். ஆண்டவருடைய சரீரத்தை வாங்கத் தகுந்த வயதில் இருக்கும் பிள்ளைக்குத் தாத்தா படுத்திருக்கிற இடத்தைப் பார்க்க வயது போதாதா? 2021 ஜூலையில் இந்த ஊரில் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றதைப் பிள்ளைகளும் பார்த்தார்கள். சாவை அவர்கள் கண்ணில் காட்டாமல் வளர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று மட்டும் நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்லறைத் திருநாளில் செய்ய வேலை இருக்கிறது.

எங்கள் ஆயா (பாட்டி) எங்களைக் கூட்டிப்போனது அழுவதற்கு இல்லை, வேலைக்கு. ஐந்து மாச மழை குடித்த புல் என் இடுப்பு உயரம் நிற்கும். பெரியவர்கள் அரிவாளால் அறுப்பார்கள், நாங்கள் வேரோடு பிடுங்குவோம். பிறகு தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துக் கல்லில் படிந்த பாசியைத் தேய்க்க வேண்டும். கடைசியில் வரும் வேலைக்குத்தான் எனக்கும் என் தம்பிக்கும் சண்டை: செதுக்கிய எழுத்தின் பள்ளத்தில் மெல்லிய தூரிகையால் கறுப்பு பெயிண்ட் விடுவது. பள்ளத்தைத் தாண்டி வழிந்தால் ஆயா தலையில் குட்டுவார். 1960-களில் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்குத் தமிழ்ப் பள்ளி கிடையாது. தமிழைப் பேச வீட்டில் பழகினேன், எழுத்துக்கூட்டியது அந்தக் கற்களில். எனக்கு முதலில் தெரிந்த மாதங்கள் ஜனங்கள் செத்த மாதங்கள். (உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலே ஏதோ பதில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் கல்லறை முடிந்ததும் பக்கத்துக் கல்லறைகளுக்குப் போவோம். 1964-ல் கடைகள் அரசுக்குப் போய், 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனபின் எத்தனையோ குடும்பங்கள் மதராசுக்குக் கப்பல் ஏறின. செத்தவர்கள் கப்பல் ஏற முடியுமா? ஆள் இல்லாத கல்லறை ஒவ்வொன்றுக்கும் ஆயா ஒரு மெழுகுதிரி வைத்திருப்பார். "இவங்க நமக்கு யாரு?" என்று கேட்டேன். "போனவங்களோட அப்பாரு. நாமதானே இருக்கோம்" என்றார். காற்றில் அணைந்த திரியை மறுபடி பற்றவைப்பது எங்கள் பொறுப்பு. அந்த மத்தியானத்தில் பயப்பட நேரமே இருந்ததில்லை.

1990-களில் நகரத்துக்குள் இருந்த இடுகாடுகளை எடுத்து வடக்கே யேவே பக்கம் கொண்டுபோனார்கள். ஆள் இருந்தவர்கள் எலும்பை எடுத்துப்போய் வைத்தார்கள். ஆள் இல்லாதவர்களின் பெயர்களில் சில என் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. பெயிண்ட் விட்ட கை மறக்கவில்லை. உங்கள் மாமனாருக்கு இந்த ஊரில் ஒரு இடமும், அதில் ஒரு பெயரும் இருக்கிறது. அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டேன் என்கிறீர்கள், நிக்கோலாசுக்குக் காலுறை தேடுகிறீர்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி, மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. புருஷனுக்குப் பக்கத்தில் தனியாகப் புல் பிடுங்கிக்கொண்டு நிற்க அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 பள்ளிக்கூட நாளாக இருந்தால் கவலை வேண்டாம். 1 முதல் 8 வரை எந்த நாளில் கல்லறைக்குப் போய் மரித்தோருக்காக வேண்டிக்கொண்டாலும், பாவசங்கீர்த்தனம், நன்மை, பாப்பரசரின் கருத்துக்காக ஜெபம் முதலியவை இருந்தால் அவர்களுக்குப் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு என்கிறது திருச்சபை. ஆனால் 2-ஆம் தேதியே போக முடிந்தால் சாமியார் கல்லறைகளை மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வருவதற்குள் புல்லைப் பிடுங்கி முடித்துவிடுங்கள். மகளுக்குத் தூரிகை, மகனுக்குத் தண்ணீர்ப் பாட்டில். இரண்டு பேருக்கும் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், மழை முடிந்த புல்லில் பாம்பு இருக்கும். மெழுகுதிரி கணக்குக்கு மேல் ஒரு கட்டு எடுத்துப்போங்கள். இதையெல்லாம் இன்றே மாமியாரிடம் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள்.

முட்டை விஷயத்தைத் தவக்காலத்தில் ஞாபகப்படுத்துங்கள்.