டொராண்டோவில் குறைந்த வாடகைக்கு, அரசு மானியத்தோடு வீடு கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையையும் எழுதியிருக்கிறார். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை. பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி வந்து ஒரு வருடம் முடியவில்லை. கணவனுக்கு மட்டும் வேர்ஹவுஸ் வேலை. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறார்கள், சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடுகிறது. அரசாங்க வீடு கிடைக்குமா, கிடைக்கும்வரை என்ன செய்வது, வீட்டுக்காரர் தன் தம்பி வருகிறான் என்று காலி செய்யச் சொல்கிறாரே, போய்த்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் இந்த ஊருக்கு வந்து பல வருடம் ஆகிறது. முதலில் பேஸ்மென்ட், இப்போது மார்க்கம் சாலைப் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி. தெரிந்தவர்கள் சிலருக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அரசாங்க வீடு கிடைக்கும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் காலத்துக்குள் கிடைக்காது. டொராண்டோ நகராட்சியின் மானிய வீட்டுப் பட்டியலில் 80,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஒரு படுக்கையறை வீட்டுக்கே பத்து வருடத்தைத் தாண்டும். உங்களைப் போல் பிள்ளையோடு இருப்பவர்களுக்கும் அதைவிடக் குறையாது. இதைக் கேட்டதும் பலர், "அப்போ எதுக்கு அப்ளை பண்ணணும்?" என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. வரிசையில் உங்கள் இடத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது விண்ணப்பித்த தேதிதான். இந்த வாரமே பதிந்துவிடுங்கள். பதிந்த பிறகு, அந்த வீடு வராது என்று வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் திட்டமிடுங்கள்.

கணக்கு இப்படி: மானிய வீட்டில் வாடகை, குடும்பத்தின் நிகர வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம். வருடத்துக்கு 36,000 டாலர் என்றால் மாதம் 900 டாலர். வருமானம் குறைந்தால் வாடகையும் குறையும், ஏறினால் ஏறும். வெளியில் ஒரு படுக்கையறை அபார்ட்மென்டே 2,000 டாலரைத் தாண்டும் ஊரில் இது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீடுகளில் பெரும்பகுதி டொராண்டோ கம்யூனிட்டி ஹவுசிங் நிறுவனத்துடையது. கனடாவிலேயே பெரிய சமூக வீட்டு நிறுவனம் அதுதான். மீதி, லாப நோக்கமற்ற சிறு அமைப்புகளும் கோ-ஆப் எனப்படும் கூட்டுறவுக் குடியிருப்புகளும்.

விண்ணப்பிக்க பி.ஆர்., குடியுரிமை, அகதிக் கோரிக்கை போல ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஸ்டடி பெர்மிட்டோ வொர்க் பெர்மிட்டோ மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இன்னொன்று இருக்கிறது: வருமானத்தை அவர்கள் வருமான வரிக் கணக்கை வைத்துத்தான் பார்ப்பார்கள். வேலைக்குப் போகாத உங்கள் மனைவியும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். "அவளுக்குத்தான் வருமானமே இல்லையே" என்று விட்டுவிடுபவர்கள் நம்மில் நிறைய. வருமானம் பூஜ்யம் என்றாலும் தாக்கல் செய்யுங்கள். பிள்ளைக்கான உதவித்தொகை, குறைந்த வருமானக்காரர்களுக்கான மற்ற உதவித்தொகைகள் எல்லாமே அதை நம்பித்தான் வருகின்றன.

விண்ணப்பம் இலவசம். நகராட்சியின் இணையதளத்திலேயே செய்யலாம், குழப்பம் என்றால் நகராட்சியின் 311 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கொடுத்தால் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குச் சட்டப்படி முன்னுரிமை உண்டு. அதைத் தவிரப் பணத்தால் திறக்கும் குறுக்கு வழி எதுவும் கிடையாது.

பதிந்த பிறகு மறந்துவிடக் கூடாது. விலாசம், தொலைபேசி எண், பிள்ளை பிறந்தது, வேலை மாறியது என எது மாறினாலும் தெரிவிக்க வேண்டும். வருடா வருடம் விண்ணப்பத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். பல வருடம் காத்திருந்து, இடையில் வீடு மாறியதைச் சொல்லாததால் பட்டியலிலிருந்து பெயர் போனவர்களை எனக்குத் தெரியும். வீடு தானாகவும் வராது. காலியாகும் வீடுகளைத் தளத்தில் பார்த்து, வேண்டியதற்கு நாமே விருப்பம் தெரிவிக்க வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: இந்தப் பட்டியல் டொராண்டோவுக்கு மட்டுமானது. மார்க்கம் நகரம் இருக்கும் யார்க் வட்டாரத்துக்கு வேறு பட்டியல், ஏஜாக்ஸ், பிக்கரிங் இருக்கும் டர்ஹமுக்கு வேறு, பிராம்ப்டன், மிசிசாகா இருக்கும் பீலுக்கு வேறு. ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் விண்ணப்பிக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து டர்ஹம், யார்க் பேருந்திலிருந்து டி.டி.சி.க்கு (டொராண்டோ நகரப் போக்குவரத்து) மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை என்பதால், தள்ளி இருப்பது முன்பு போலப் பெரிய நஷ்டமும் இல்லை.

பட்டியலில் இருக்கும்போது சிலருக்கு கனடா-ஒன்டாரியோ வீட்டு உதவித்தொகைக்கு அழைப்பு வரும். 2020-இல் தொடங்கிய திட்டம். வீடு தர மாட்டார்கள், நீங்கள் வெளியில் எடுத்த வீட்டின் வாடகைக்கு மாதாமாதம் பணம் தருவார்கள். இதை ஏற்றுக்கொண்டால் மானிய வீட்டுப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் எடுக்கப்படும். பலர் அதற்குப் பயந்து தயங்குவார்கள். என்னைக் கேட்டால், அழைப்பு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வரும் வீட்டைவிட இன்று வரும் பணம் மேல்.

கோ-ஆப் வீடுகளையும் சொல்ல வேண்டும். குடியிருப்பவர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் குடியிருப்புகள் இவை. மானியம் இல்லாத வீடுகளுக்கும் கட்டணம் வெளிச்சந்தையைவிடக் குறைவாகவே இருக்கும், அவற்றுக்கு ஒவ்வொரு கோ-ஆப்பும் தனிப்பட்டியல் வைத்திருக்கும். பல பட்டியல்கள் மூடித்தான் கிடக்கும், திறக்கும்போது பிடிக்க வேண்டும். கூட்டத்துக்குப் போவது, ஏதாவது குழுவில் வேலை செய்வது எல்லாம் அங்கே கடமை. அதற்கு மனம் உள்ளவர்களுக்கு நல்ல இடம்.

சரி, இதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு என்ன வழி?

என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பளபளப்பான புது கான்டோவை (தனித்தனி உரிமையாளர்கள் உள்ள அடுக்குமாடி வீடு) பார்க்காதீர்கள், பழைய கட்டடத்தைத் தேடுங்கள். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. இந்த வருடம் 1,900 என்று கொடுப்பார்கள், அடுத்த வருடம் 2,300 கேட்டாலும் சட்டம் தடுக்காது. அதற்கு முந்தைய வீடுகளில் மாகாண அரசு சொல்லும் சதவீதம்தான் ஏற்றலாம். 2025-க்கு அது 2.5, 2026-க்கு 2.1. அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 90 நாள் முன்பே எழுத்தில் அறிவித்து. ஆள் மாறும்போது மட்டும் வீட்டுக்காரர் இஷ்டப்பட்ட வாடகை வைக்கலாம். அதனால் ஒரே வீட்டில் எத்தனை வருடம் இருக்கிறீர்களோ அத்தனை லாபம். எங்கள் கட்டடத்தில் நெடுங்காலமாக இருக்கும் ஒரு அம்மா இரண்டு படுக்கையறைக்குக் கொடுக்கும் வாடகை, நான் கொடுப்பதில் கிட்டத்தட்டப் பாதி. எந்த அரசு மானியமும் அவருக்கு இல்லை.

ஸ்கார்பரோவில் மார்க்கம் சாலை, லாரன்ஸ், எக்லிங்டன் நெடுகிலும், அப்புறம் தோர்ன்கிளிஃப் பார்க், ஃபிளெமிங்டன் பார்க் பக்கமும் அறுபது, எழுபதுகளில் கட்டிய உயரமான கட்டடங்கள் நிறைய. லிஃப்ட் சமயத்தில் மக்கர் பண்ணும், கரப்பான்பூச்சியும் இருக்கலாம். ஆனால் அறைகள் பெரியவை, பல இடங்களில் ஹீட்டிங், தண்ணீர் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். இணையத்தில் மட்டும் தேடாதீர்கள். நேரில் போய்க் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்டென்டிடம் கேளுங்கள். எல்லாக் காலி வீடும் விளம்பரத்துக்கு வருவதில்லை.

புதிதாக வந்தவர்களிடம் கிரெடிட் ஹிஸ்டரி (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு) இல்லை என்று ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். ஒன்டாரியோ சட்டப்படி, கடைசி மாத வாடகைக்கென ஒரு மாத வாடகையை மட்டுமே டெபாசிட்டாகக் கேட்கலாம். வீடு சேதமானால் என்று தனி டெபாசிட் வாங்கவே கூடாது. ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். நடைமுறையில் சட்டம் பேசினால் வீடு வேறு ஒருவருக்குப் போய்விடும் என்பதும் உண்மை. வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, இங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் உத்தரவாதம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச இடம் இருக்கும். வீட்டைப் பார்க்காமல் மட்டும் யாருக்கும் இ-டிரான்ஸ்ஃபரில் (பேங்க் வழியாக இணையத்தில்) பணம் அனுப்பாதீர்கள்.

இப்போது உங்கள் பேஸ்மென்டுக்கு வருகிறேன். முதலில் ஒன்றைப் பாருங்கள். சமையலறையோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பொதுவாக இருக்கிறதா? இருந்தால் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. அவர் போகச் சொன்னால் எதிர்த்து நிற்பது கடினம். இரண்டும் உங்களுக்குத் தனியாக இருந்தால், பேஸ்மென்ட் என்றாலும், கையெழுத்திட்ட லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தமே, இல்லை என்றாலும், நீங்கள் முழு உரிமையுள்ள வாடகைதாரர்.

அப்படியானால் தம்பிக்காகக் காலி செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்காரர் சொந்த உபயோகத்துக்கு வீட்டைக் கேட்கலாம்தான். ஆனால் சட்டம் சொல்லும் சொந்தங்கள் அவர், அவருடைய துணை, இருவரின் பெற்றோர், பிள்ளைகள், அவர்களைப் பராமரிக்க வருபவர், அவ்வளவுதான். தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவுக்காகக் கேட்டாலும் அதற்குரிய படிவத்தில் குறைந்தது 60 நாள் அவகாசம் தர வேண்டும், 60 நாள் மட்டும் தந்தால் ஒரு மாத வாடகையையும் உங்களுக்கு ஈடாகத் தர வேண்டும். அப்போதும் நீங்கள் போகவில்லை என்றால், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மாகாணத் தீர்ப்பாயம்தான் உத்தரவிட முடியும். வீட்டுக்காரர் பூட்டை மாற்ற முடியாது. சண்டை போடச் சொல்லவில்லை. ஒரே சமூகம், ஒரே கோயில், நாளை முகத்தில் விழிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் புரியும். ஆனால் உரிமை தெரிந்து பேசினால், குறைந்தது பள்ளி விடுமுறை வரையாவது அவகாசம் வாங்கலாம்.

வாடகையைக் காசாகக் கொடுக்கிறீர்கள் என்றால், ரசீது கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது சட்டம். குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒன்டாரியோ தரும் டிரிலியம் உதவித்தொகையில் வாடகையும் கணக்கில் வரும், அதற்கு ரசீது ஆதாரம். என் பழைய வீட்டுக்காரர் ரசீது என்றதும் முகம் சுளித்தார். மாதா மாதம் இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்ப ஆரம்பித்தேன், பேங்க் பதிவே எனக்குச் சாட்சியானது.

வாடகை பாக்கி விழுந்து வீடு போகும் நிலை வந்தால், டொராண்டோவில் ரென்ட் பேங்க் என்று ஒன்று இருக்கிறது. தகுதி இருந்தால் பாக்கியைக் கட்டப் பணம் தருவார்கள். நோட்டீஸ் வந்த உடனே போங்கள், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

எப்போது மாறுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பள்ளி இடம் கொடுத்தால் ஜனவரி, பிப்ரவரி. பனியில் யாரும் வீடு மாற விரும்ப மாட்டார்கள், அதனால் அப்போது பேரம் படியும். ஒரு மாத வாடகை இலவசம் என்றெல்லாம் சொல்வார்கள். அப்போது லீஸில் எழுதியிருக்கும் மாத வாடகை எவ்வளவு என்று பாருங்கள். அடுத்த வருட உயர்வு, தள்ளுபடி போக நீங்கள் கட்டிய தொகைக்கு மேல் கணக்காகாது, லீஸில் உள்ள முழு வாடகைக்கு மேல்தான் ஏறும். இலவச மாதத்தைவிட, லீஸில் அந்த வாடகையையே ஐம்பது டாலர் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.